ஒரு கொடுவாள், மூன்று பிடி

கிளுவை வேலியை வெட்டி முடித்த அன்று என் வலது கையில் மூன்று கொப்புளங்கள். ஒன்று கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், கவட்டில். இன்னொன்று மோதிர விரலின் அடியில். மூன்றாவது ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில். அளவில் அதுதான் சின்னது, எரிச்சலில் அதுதான் பெரியது. இத்தனைக்கும் கையில் இருந்தது என் கொடுவாளுக்கு நானே செய்த பிடி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இழைத்து, வார்னிஷ் அடித்து, படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிய பிடி.

தாராபுரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, இருக்கிறது. கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. வார நாட்களில் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன், வாரக் கடைசியில் அங்கே போய்விடுவேன். அங்கே ஒருவனுக்கு ஒரே ஒரு கருவிதான் என்றால் கொடுவாளைத்தான் எடுப்பான். வேலி வெட்ட, முள் ஒதுக்க, முளைக்குச்சி சீவ, இளநீர் சீவ, அடுப்புக்கு விறகு பிளக்க எல்லாவற்றுக்கும் அதுதான். என்னுடையது சந்தையில் வாங்கியது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அலகு, நல்ல இரும்பு. கூட வந்த பிடி மட்டும் முதல் கோடையிலேயே வெடித்துவிட்டது. சரி, பிடிதானே, நாமே போட்டுக்கொள்வோம் என்று ஆரம்பித்த வேலை இது. ஒரு பிடிக்கு மூன்று முறை மரம் அறுக்க வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாது.

முதல் பிடிக்குத் தேக்கு எடுத்தேன். வீட்டு ஜன்னல் சட்டம் செய்தபோது மிஞ்சிய துண்டு. இணையத்தில் பார்த்த கத்திகளில் எல்லாம் விரலுக்கு விரல் பள்ளம் எடுத்திருந்தார்கள், நானும் எடுத்தேன். நான்கு விரலுக்கு நான்கு பள்ளம், கட்டை விரல் உட்கார மேலே ஒரு சரிவு. கையில் எடுத்தால் அச்சில் வார்த்த மாதிரி அப்படியே உட்கார்ந்தது. யார் வந்தாலும் கையில் கொடுத்து, "பிடிச்சுப் பாருங்க" என்பேன். பிடித்தவர்களும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

பிடித்துப் பார்ப்பது வேறு, வெட்டுவது வேறு. அரை மணி நேர வெட்டில் அது புரிந்துவிட்டது. கொடுவாளை நாம் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. கனமான கிளைக்குக் கை பின்னால் போய்விடும், அலகின் கனம் தானாக இறங்கட்டும் என்று. குச்சியைக் கூராக்கும்போது கை முன்னால் பூண்வரை, பிடியின் முன்முனையில் இருக்கும் இரும்பு வளையம்வரை, வரும். ஒரே வெட்டிலேயே ஓங்கும்போது கை ஓரிடத்திலும் இறங்கும்போது அரை விரல்கடை தள்ளியும் இருக்கும். பள்ளம் எடுத்த பிடியில் இதற்கெல்லாம் இடமில்லை. கை நகர்ந்தால் விரல் பள்ளத்தைவிட்டு இரண்டு பள்ளத்துக்கு நடுவே இருக்கும் மேட்டின்மேல் ஏறிக்கொள்கிறது. மோதிர விரல் அடியில் வந்த கொப்புளம் அந்த மேட்டின் வேலை.

கவட்டுக் கொப்புளத்துக்கு இரண்டு காரணம். பிடியின் முதுகை நான் தட்டையாக விட்டு, ஓரத்தை லேசாக மட்டும் உருட்டியிருந்தேன். வெட்டு மரத்தில் பட்டு அலகு நிற்கும்போது கை மட்டும் தொடர்ந்து கீழே போகப் பார்க்கும். அந்தத் தள்ளல் முழுவதையும் தாங்குவது பிடியின் முதுகும் கவட்டுச் சதையும்தான். அங்கே ஒரு முனை இருந்தால் அத்தனை வெட்டும் அந்த ஒரு கோட்டில்தான் இறங்கும். இரண்டாவது காரணம் வார்னிஷ். பளபளப்பாக இருக்கிறதே, வழுக்கிக்கொண்டு போகும், தோலுக்கு நல்லதுதானே என்று தோன்றும். நடப்பது வேறு. காய்ந்த கைக்கு வழுக்குவதால் இறுக்கிப் பிடிக்கிறோம். லேசாக வியர்த்ததும் அதே பளபளப்பு தோலோடு ஒட்டிக்கொள்கிறது. நன்றாகக் காய்ந்த தோலைவிட, முழுக்க நனைந்த தோலைவிட, லேசாக ஈரமான தோலுக்குத்தான் உராய்வு அதிகம். மேல் தோல் பிடியோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் போய்வர, நடுவில் இருக்கும் தோல் அடுக்கு கிழிந்து அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. கொப்புளம் என்பது அதுதான். மேலே தேய்ந்து வருவதைவிட உள்ளே இழுபட்டு வருவதே அதிகம்.

மூன்றாவது கொப்புளம்தான் எனக்கு வெட்கம் தந்தது. பூண் போட்ட இடத்தில் மரத்தைக் கொஞ்சம் அதிகமாகச் செதுக்கிவிட்டேன். அதனால் இரும்பு வளையம் மரத்தைவிட ஒரு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நின்றது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, நகத்தால் வழித்தால் தட்டும். அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் ஆள்காட்டி விரல் இருநூறு முறை உரசியிருக்கிறது.

கடைசியில் அந்தப் பிடி கொப்புளத்தால் போகவில்லை. வெள்வேலக் கிளை ஒன்றை வெட்டும்போது பூணுக்குப் பக்கத்தில் நீளவாக்கில் விரிந்துவிட்டது. தேக்கு கதவுக்கு அருமையான மரம். அடி தாங்கும் பிடிக்கு அது என் தேர்வாக இனி இருக்காது.

இரண்டாவது முறை ரொம்ப யோசித்து எதிர்ப்பக்கம் போய்விட்டேன். பள்ளம் வேண்டாம், முனை வேண்டாம், பளபளப்பு வேண்டாம். நல்ல கருவேலக் கட்டை வாங்கிக் கடைசல் பட்டறையில் கொடுத்து உருண்டையாகக் கடைந்து வாங்கினேன். 38 மில்லிமீட்டர் குறுக்களவு, 10 சென்டிமீட்டர் நீளம். மண்வெட்டிக்கும் கலப்பைக்கும் கருவேலத்தை நம்பியவர்கள் நம் ஆட்கள், மரத்தில் குறை சொல்ல முடியாது. பூணும் மரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

கொப்புளம் வரவில்லை. ஆனால் சாயங்காலம் டீ டம்ளரைத் தூக்கக் கை நடுங்கியது. முழங்கைக்குக் கீழே சதை முழுவதும் கல்லாகியிருந்தது. சுண்டு விரல் மட்டும் மரத்துப்போய் அரை மணி நேரம் ஊசி குத்திக்கொண்டிருந்தது.

இதையும் பிரித்துப் பார்த்தேன். உருண்டைப் பிடியை எப்படிப் பிடித்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதுதான் அதன் குறை. அலகின் வாய், அதாவது வெட்டும் ஓரம், எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை ஓங்கும்போதும் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். வெட்டு நேராக விழாமல் கொஞ்சம் சாய்ந்து பட்டால் அலகு திருகிக்கொள்ளும், உருண்டைக் கட்டையைத் திருகவிடாமல் நிறுத்த இறுக்கிப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு முறை அப்படித் திருகி, கிளையில் வழுக்கி, என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அன்றைக்கு வேலையை அங்கேயே நிறுத்திவிட்டேன். பிடி உறுத்தாமல் இருந்தால் மட்டும் போதாது, வாய் இருக்கும் திசையை இருட்டில் எடுத்தாலும் கை அறிய வேண்டும்.

சுண்டு விரல் மரத்ததற்கு நீளம் காரணம். என் உள்ளங்கை அகலம் எட்டரை சென்டிமீட்டர். பத்து சென்டிமீட்டர் போதும் என்று கணக்குப் போட்டேன். கை பின்னால் நகர்ந்ததும் பிடியின் வெட்டிய முனை உள்ளங்கைக்குள்ளேயே முடிந்துவிட்டது. சுண்டு விரல் பக்கத்து மேட்டில், மணிக்கட்டை ஒட்டி, சுண்டு விரலுக்கும் பாதி மோதிர விரலுக்கும் போகும் நரம்பு ஓடுகிறது. நான் அதன்மேல் ஒரு கட்டையை வைத்து ஒரு மணி நேரம் அடித்திருக்கிறேன். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குக் கைப்பிடியில் சாய்ந்து சாய்ந்து வரும் மரமரப்பும் இதே நரம்பால்தான்.

பக்கத்துக் காட்டில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் இதையெல்லாம் வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மூன்றாம் வாரம்தான் வாயைத் திறந்தார்.

"ஏனுங் தம்பி, உலக்கைக்குப் போடற மாதிரி புடி போட்டிருக்கறீங்? கொடுவாளுக்கு அது ஆவுமுங்களா?"

"உங்களுது எப்படீங்க இருக்கும்? கொஞ்சம் குடுங்க அய்யா, பார்த்துட்டுத் தர்றேன்."

கொடுத்தார். பார்க்க ஒன்றும் இல்லை. கறுத்துப்போன கட்டை, பூண் பக்கம் விரிசல், அதைச் சுற்றிப் பழைய சைக்கிள் ட்யூப். என் தேக்குப் பிடியின் படத்துக்குப் பக்கத்தில் இதை வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அரை மணி நேரம் வெட்டினேன், கையில் ஒரு கருவி இருக்கிறது என்ற நினைப்பே வரவில்லை. முக்கியமாக, நான் அதை இறுக்கிப் பிடிக்கவில்லை. ஓங்கும்போது விரல்கள் தளர்ந்துதான் இருந்தன, மரத்தில் படும் நேரத்தில் மட்டும் கை தானாக இறுகியது.

நூல் சுற்றி, வெர்னியர் வைத்து அளந்தேன். நடுவில் அகலம் 38, தடிமன் 28 மில்லிமீட்டர், சுற்றளவு 104. பூண் பக்கமும் பின்பக்கமும் 34க்கு 26 என்று ஒடுங்கி, கடைசியில் மறுபடி விரிந்து ஒரு சின்னக் குமிழாக முடிகிறது. மொத்த நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். குறுக்கே வெட்டிப் பார்த்தால் முட்டையின் வடிவம் இருக்கும். அகன்ற பக்கம் முதுகு, குறுகிய பக்கம் வாய்ப்பக்கம். கவட்டில் அழுத்தும் முதுகு அகலமாக இருப்பதால் அடி பரவிவிடுகிறது. விரல்கள் மடங்கும் அடிப்பக்கம் ஒடுங்கியிருப்பதால் விரல் சுலபமாகச் சுற்றிக்கொள்கிறது. முட்டை என்பதால் வாய் எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம். நடுவில் பருத்திருப்பதால் உள்ளங்கைக் குழி நிறைகிறது. இத்தனையும் இவர் செதுக்கவில்லை. யாரோ போட்ட சாதாரணக் கட்டையை இவர் கை பல வருஷமாகத் தேய்த்து இந்த உருவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது.

அப்போதுதான் அலுவலக நண்பர் ஒருவரின் கத்தி நினைவுக்கு வந்தது. மலையேற்றத்துக்குக் கொண்டுபோவார். சுவீடன் நாட்டு மோராக் கத்தி, பிர்ச் மரப் பிடி, சிவப்புச் சாயம். பள்ளமும் கிடையாது, விரல் தடுப்பும் கிடையாது, சின்னப் பீப்பாய் மாதிரி நடுவில் பருத்த முட்டைப் பிடி. "இவ்வளவு பேர் வாங்கின கத்திக்கு இவ்வளவு சாதாரணமா ஒரு பிடியா" என்று நான் கேலி செய்திருக்கிறேன். பின்லாந்துக்காரர்களின் பூக்கோக் கத்தியும் அதே வகைதான். பனிக்காட்டில் குச்சி சீவுகிறவனுக்கும் கொறங்காட்டில் வேலி வெட்டுகிறவனுக்கும் கை ஒன்றுதானே. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சீவும் கத்திக்குப் பின்குமிழ் அவ்வளவாகத் தேவையில்லை. ஓங்கி வெட்டும் கத்தி ஒவ்வொரு வீச்சிலும் கையைவிட்டுப் பறக்கப் பார்க்கும், அதைச் சுண்டு விரலும் மோதிர விரலும் குமிழில் கொக்கிபோட்ட மாதிரி நிறுத்துகின்றன. குமிழ் இருந்தால் மற்ற விரல்கள் ஓய்வாக இருக்கலாம்.

மூன்றாவது பிடிக்குக் கொய்யா. வீட்டுப் பின்புறத்தில் இருந்த மரத்தில் போன வருஷம் கழித்த கிளை, மணிக்கட்டைவிடக் கொஞ்சம் பருமன். வெட்டின அன்றே இரண்டு முனையிலும் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றிப் பரண்மேல் போட்டிருந்தேன். முனை வழியாக ஈரம் வேகமாகப் போனால்தான் வெடிப்பு விழும், மெழுகு அதைத் தடுக்கும். எட்டு மாதம் காய்ந்திருந்தது. கிளையின் நடுநெஞ்சு பிடிக்குள் வராதபடி ஒரு பக்கமாகப் பிளந்து எடுத்தேன். நெஞ்சு உள்ளே இருந்தால் என்றைக்காவது வெடிக்கும். ரேகை முனையிலிருந்து முனைவரை நேராக ஓடும் துண்டாகப் பார்த்துக்கொண்டேன். கொய்யா நெருக்கமான மரம், சிலாம்பு எழும்பாது. கையில் படும் பொருளுக்கு அது பெரிய விஷயம்.

முதலில் துளை, அப்புறம்தான் உருவம். முன்பு செதுக்கிவிட்டுத் துளை போட்டு, துளை கோணிக்கொண்டு, பிடியே அலகுக்குச் சாய்வாகப் போனது உண்டு. அலகின் வாலைவிட, அதாவது பிடிக்குள் செருகும் பின்முனையைவிட, துளையைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டுக்கொண்டு பட்டறைக்கு எடுத்துப்போனேன். பட்டறைக்காரர் ஈரச் சாக்கை அலகு முழுவதும் சுற்றினார். சூடு ஏறினால் வாயின் பதம் போய்விடும். வாலை மட்டும் உலையில் பழுக்கக் காய்ச்சி, கட்டைக்குள் இறக்கினார். "சர்ர்" என்று ஒரு புகை, கருகின பழ வாசனை. முக்கால் ஆழம் இறங்கியதும் வெளியே இழுத்துவிட்டார். "முழுசும் சுட்டு எறக்கக் கூடாதுங். கரி ஆயிப்போனா புடிப்பு இருக்காது. மீதி அடிச்சு எறக்கோணும்" என்றார். துளைக்குள் அரக்குத் தூளும் கொஞ்சம் செங்கல் பொடியும் போட்டு, வாலை அரக்கு உருகும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, பிடியின் பின்பக்கத்தை மரக்கட்டையில் தட்டித் தட்டி இறக்கினோம். அரக்கில் எனக்குப் பிடித்த விஷயம், பிடி போனால் சூடு காட்டிக் கழற்றிவிடலாம். முதல் பிடியில் எபாக்சி பசை போட்டுவிட்டு வாலைச் சுத்தம் செய்ய ஒரு நாள் முழுக்க ராவினேன்.

உருவம் கொண்டுவந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த முறைதான் அளவை மட்டும் நம்பவில்லை. என் கை பெரியவர் கையைவிடச் சின்னது. அதனால் நடுவில் 36க்கு 26 என்று வைத்துக்கொண்டேன், சுற்றளவு 98 வந்தது. பிடித்தால் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் கட்டை விரல் அடிமேட்டைத் தொடுகிற மாதிரி வர வேண்டும். உள்ளே குத்தினால் பிடி மெலிசு, எட்டாமல் நின்றால் பருமன். நீளம் 12 சென்டிமீட்டர், அதில் குமிழும் அடக்கம். முரட்டு அரத்தால் எட்டுப் பட்டை எடுத்து, பிறகு பதினாறு ஆக்கி, மெல்ல உருட்டினேன்.

அப்புறம் அடுப்புக் கரியை எடுத்துப் பிடி முழுவதும் தேய்த்தேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டு அந்தக் கரிப்பிடியோடு பத்து நிமிஷம் காய்ந்த மட்டையை வெட்டினேன். கையை விரித்துப் பார்த்தால் வரைபடம் மாதிரி இருந்தது. கவட்டில் கன்னங்கரேல் என்று ஒரு கோடு. அதாவது முதுகில் இன்னும் ஒரு மேடு இருக்கிறது. உள்ளங்கை நடுவில் வெள்ளை, அங்கே பிடி தொடவே இல்லை. சுண்டு விரல் மடிப்பில் ஒரு திட்டு, குமிழின் கழுத்து கூராக இருக்கிறது. பிடியைப் பார்த்தால் கறுப்பு தேய்ந்து மரம் பளிச்சென்று தெரிந்த இடமெல்லாம் அதே கதையை எதிர்ப்பக்கமிருந்து சொன்னது. அந்த இடங்களை மட்டும் நான்கைந்து இழுப்பு ராவி, மறுபடி கரி, மறுபடி வெட்டு. நான்காவது தடவை கை முழுவதும் ஒரே சீராகச் சாம்பல் நிறமாக வந்தது. அன்றைக்கு வீட்டுக்குள் எதையும் தொடக்கூடாது என்று உத்தரவு.

கடைசி மெருகுக்கு உப்புத்தாளை 120ஆம் நம்பருக்கு மேல் கொண்டுபோகவில்லை; நம்பர் கூடக் கூட வழவழப்பும் கூடும். அதற்கு முன்னால் உடைந்த கண்ணாடிச் சில்லை வைத்துச் சுரண்டியதே பாதி வேலையை முடித்துவிட்டது. சுருள் சுருளாக மெல்லிசாக வரும், பார்க்கவே ஆசையாக இருக்கும். கண்ணாடி மாதிரி வழவழப்பாக்க ஆசை வரும். அங்கேதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் சொரசொரப்பு மிச்சம் இருந்தால்தான் வியர்வைக் கையிலும் பிடிப்பு இருக்கும். பூணை வேறு அரத்தால் ராவி, மரமும் இரும்பும் சேரும் இடத்தில் கண்ணை மூடி நகத்தால் வழித்தேன். தட்டவில்லை. அலகின் முதுகு கட்டை விரல் படும் இடத்தில் இரண்டு அங்குலத்துக்குக் கூர் ஓரமாக இருந்தது, அதையும் உருட்டிவிட்டேன். பிடியை மட்டும் பார்த்துக்கொண்டு இதை நான் இரண்டு முறை விட்டிருந்தேன்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு அனுபவம். இரண்டாவது பிடிக்குத் தேங்காய் எண்ணெய் போட்டேன், வீட்டில் இருந்தது. அது காயவே காயாது. வாரக்கணக்கில் பிசுபிசுத்து, காட்டு மண் முழுவதும் ஒட்டிக்கொண்டது. காய்ந்து இறுகுகிற எண்ணெய் வேண்டும் என்றால் ஆளிவிதை எண்ணெய்தான். பெயின்ட் கடையில் டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி. மூன்று பூச்சு போதும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், குவித்து வைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டுக் காயவிட்டு, அப்புறம் எறியுங்கள்.

முழு வேலிக்கும் அதை வைத்துத்தான் இந்த வருஷம் கவாத்து எடுத்தேன். காலையில் இரண்டரை மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை. கொப்புளம் இல்லை, டம்ளர் நடுங்கவில்லை. உள்ளங்கை நடுவில் லேசாக ஒரு சிவப்பு, அவ்வளவுதான். மழை தூறியபோதும் வெட்டிப் பார்த்தேன், குமிழ் தன் வேலையைச் செய்தது. குறை இல்லாமல் இல்லை. குமிழை இன்னும் கொஞ்சம் கீழ்ப்பக்கம் சாய்த்திருந்தால், வேலியின் அடியில் குனிந்து வெட்டும்போது மணிக்கட்டு வளையாமல் நேராக இருந்திருக்கும். வளைந்த மணிக்கட்டில் பிடியின் பலம் பாதியாகக் குறைந்தது போல இருக்கிறது. ஆனால் அதற்கு அலகின் வாலையே வளைக்க வேண்டும், அது பட்டறை வேலை.

பெரியவரிடம் கொடுத்தேன். இடது கையில் வாங்கிக்கொண்டார். அவர் இடது கைக்காரர் என்பதை அப்போதுதான் கவனிக்கிறேன், அன்றைக்கு அவருடைய கொடுவாளை நான் வலது கையில் பிடித்து வெட்டியிருக்கிறேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கட்டை விரலுக்குச் சரிவு எடுத்த என் தேக்குப் பிடியைக் கொடுத்திருந்தால் அவரால் பிடிக்கவே முடிந்திருக்காது. வேலியோரமாகவே வெட்டிக்கொண்டு போனவர் சாயங்காலம்தான் திரும்பக் கொண்டுவந்தார்.

"நல்லாத்தானுங் இருக்குது. நடுவுல இன்னுங் கொஞ்சம், ஒரு நூலு பருமனா இருந்துதுன்னா என்ற கைக்கு நெறவா இருக்குமுங்."

என்னுடையது 36, அவருடைய பழைய பிடி 38. பரண்மேல் கொய்யாக் கிளையின் மீதித் துண்டு இருக்கிறது. அதில் பென்சிலால் 38 என்று எழுதி வைத்திருக்கிறேன்.